நான் வாங்கிய ஐஸ்

மருந்து ஆய்வாளராக இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அத்தனை ஆண்டுகளில் எந்த மருந்துக்கடையிலும் ஒரு வாய் டீ குடித்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. புதுக்கோட்டை வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கியவளுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று தெரியும்.

போன மாதம், இப்போது வேலையில் இருக்கும் ஒரு பெண் ஆய்வாளர் போன் செய்தார். எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமாம்.

“ஒங்க சாதனைகளை ரெண்டு மூணு பக்கம் எழுதிக் குடுங்க மேடம்” என்றார். பிறகு பேச்சுவாக்கில், “இப்பல்லாம் சாம்பிள் பெட்டிக்குள்ளயே சின்னதா ஒரு மெஷின் வச்சிர்றோம். வழி நெடுக எத்தனை டிகிரி இருந்துச்சுன்னு அதுவே பதிஞ்சுக்கும். கோர்ட்ல ஒரு பய கேள்வி கேக்க முடியாது” என்று சிரித்தார்.

நல்லது என்று சொல்லி போனை வைத்தேன். வைத்துவிட்டு அடுப்படியில் போய் வெறுமனே நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சின்ன மெஷின் என் காலத்தில் என் பெட்டியில் இல்லாததால், செத்துப்போன ஒரு பெண்ணின் பெயர் கெட்டது. மெஷின் மேல் பழி போட்டுத் தப்பிக்கவும் எனக்கு உரிமை இல்லை. ஆகவே சாதனை எழுதப் போவதில்லை. இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

படித்தது பி.பார்ம். தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது, பயிற்சி என்று சில மாதம் சட்டத்தைப் பிரிவு பிரிவாக மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அதில் நினைவில் நிற்பது விடுதிச் சாப்பாடு மட்டும்தான். வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் உதவி இயக்குநர் பரமசிவம் சார்.

அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீரும், காகிதத்தில் சுற்றிய நாலு ரஸ்க்கும் எப்போதும் பையில் இருக்கும். நாம் எழுதிய அறிக்கையைக் கையில் வாங்கினால் கடைசி வரியிலிருந்து மேலே வாசித்துக்கொண்டு போவார். ஏன் சார் என்று ஒருமுறை கேட்டதற்கு, “மேலேருந்து வாசிச்சா நீங்க சொல்றத நம்பிருவேன் கமலவேணி” என்றார்.

சாம்பிள் எடுப்பது எங்கள் தொழிலின் உயிர். ஒரே பேட்ச் மருந்தை நாலு பங்காகப் பிரிக்க வேண்டும். கடைக்காரருக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று, நீதிமன்றத்துக்கு ஒன்று, தயாரித்த கம்பெனிக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் பிரவுன் தாளில் சுற்றி, பசை தடவி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்றி, சூடு ஆறுவதற்குள் பித்தளை முத்திரையை அழுத்த வேண்டும். சீக்கிரம் அழுத்தினால் அரக்கு முத்திரையோடு வந்துவிடும். தாமதித்தால் எழுத்து விழாது. கடைக்காரர் கையெழுத்து, சாட்சி கையெழுத்து, முத்திரையின் அச்சைத் தனியாக ஒரு தாளில் பதித்து வேறொரு உறையில் அனுப்புவது என்று எல்லாம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கடையில் யாரும் நம்மோடு பேச மாட்டார்கள். மின்விசிறியைக்கூட அரக்குக்காக நிறுத்தியிருப்போம்.

அலுவலகத்துக்குத் திரும்பினால் பரமசிவம் சார் பொட்டலத்தை மேசையில் வைத்து, பேனாவின் பின்பக்கத்தால் அரக்கைத் தட்டிப் பார்ப்பார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “இப்ப நான் எதிர் வக்கீல். சொல்லுங்க” என்பார். எத்தனை மணிக்குக் கடைக்குள் போனீர்கள், மருந்து எந்த அலமாரியில் இருந்தது, வெயில் அதன்மேல் விழுந்ததா, அவர் சொன்னதை எழுதி வாங்கினீர்களா, வரும் வழியில் பொட்டலம் மடியில் இருந்ததா காலடியில் இருந்ததா? ஒரு கேள்விக்குத் திணறினாலும் பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிடுவார். “பார்த்தது பாதி வேலைதான். எழுதினாத்தான் முழு வேலை” என்பார். ஆரம்பத்தில் இரண்டு முறை பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன்.

டீ குடிக்காதது அவரைப் பார்த்துப் பழகியது. உறவு விட்டுப்போனது வேலையால் வந்தது. என் அக்கா வீட்டுக்காரர் அறந்தாங்கிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருந்தார். அந்தக் கடையைச் சோதிக்கும் பொறுப்பை வேறு ஆய்வாளருக்கு மாற்றிவிடும்படி சாரிடம் கேட்டு மாற்றியும் விட்டேன். போன வேறு ஆள், விற்கக்கூடாத டாக்டர் சாம்பிள் மாத்திரைகளைக் கண்டுபிடித்து லைசென்ஸை நிறுத்திவைத்தார். நான் சொல்லிக்கொடுத்துத்தான் வந்தார் என்று அக்கா இன்றுவரை நம்புகிறாள். அவள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. எனக்கென்று குடும்பம் அமையவில்லை. அம்மா இருந்தவரை அம்மா. அதற்குப் பிறகு திருமயத்து வீட்டில் நானும் என் பூட்டுச் சாவியும்தான்.

பரமசிவம் சார் ஓய்வு பெற்றுப் போன மூன்றாவது ஆண்டில் ஒரு புயல் வந்தது. தென்னையும் மின்கம்பமும் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. டவுனிலேயே கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. கடற்கரைப் பக்கம் இரண்டு வாரம் இருட்டு. அந்தச் சமயத்தில்தான் கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு மனு என் மேசைக்கு வந்தது. மீமிசலுக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் இடையில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். எழுதியவர் சூசையம்மா, மீன் விற்கிறவர். கோட்டுத்தாளில் தன் கையாலேயே எழுதியிருந்தார். அவருடைய மகள் அமலிக்கு ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி இல்லாமல் உயிர் நிற்காத வகை. நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தவள், புயலுக்கு லீவு விட்டதால் வீட்டுக்கு வந்திருந்தாள். கையிருப்பு தீர்ந்து, ஊர்க் கடையில் புதுக் குப்பி வாங்கி ஐந்து நாள் போட்டிருக்கிறாள். ஐந்தாம் நாள் வாந்தி, மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே நினைவில்லை. மறுநாள் போய்விட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டில், ஊசி போடாமல் விட்டதால் இருக்கலாம் என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

மனுவின் கடைசி வரி இது: “எம் மக ஊசி போட்டது உண்மை. மருந்துக்கு என்ன ஆச்சுன்னு பாத்து எழுதித் தாங்க.”

நஷ்டஈடு என்ற வார்த்தையே அதில் இல்லை. அதெல்லாம் பிறகு வக்கீல் சேர்த்தது.

மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸில் கிளம்பினேன். சாம்பிள் பெட்டி என்பது ஒரு தெர்மக்கோல் பெட்டி. அதற்குள் வைக்கும் ஜெல் பைகளை அலுவலக ஃப்ரிட்ஜில் உறைய வைத்திருப்போம். கரண்ட் இல்லாததால் அவை கொழகொழவென்று கிடந்தன. பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அறந்தாங்கியில் பஸ் மாறி, சாய்ந்த மரங்களைச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது.

முதலில் சூசையம்மா வீட்டுக்குப் போனேன். ஓடு பறந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அவர் அழவில்லை. ஒரு நோட்டையும் ஒரு மண்பானையையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். நோட்டில் தேதி, நேரம், எந்தத் தொடை, எத்தனை யூனிட், பக்கத்தில் ஒரு டிக். ஒன்பது வயதிலிருந்தே அமலி அப்படி எழுதுவாளாம். பானையில் ஈர மணல். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் இன்சுலினை அப்படித்தான் வைப்பார்கள், அது சரியான முறைதான். மணலைத் தள்ளி, பிளாஸ்டிக் பைக்குள் இருந்த குப்பியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன். பால் மாதிரி ஒன்றாகக் கலங்க வேண்டிய மருந்து கலங்கவில்லை. திரிந்த மோர் போலத் துகள் துகளாக மிதந்தது. கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. ஒருமுறை உறைந்து உருகிய இன்சுலின் அப்படித்தான் இருக்கும். மருந்து குப்பியில் பாதிக்குச் சற்று மேலே நின்றது. நோட்டில் இருந்த ஐந்து நாள் யூனிட்டைக் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அந்தப் பெண் ஒரு வேளைகூடத் தவறாமல் செத்த மருந்தைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

“ஊருல என்ன பேசுறாகன்னு தெரியுமா மேடம்?” என்றார் சூசையம்மா. “நர்சுக்குப் படிக்கிற புள்ள, தெரிஞ்சே ஊசிய விட்டுட்டாளாம். மேலவீட்டுக்காரிதான் மொதல்ல சொன்னா. அதுக்கு முந்தின வாரம் நாங்க சண்ட போட்டது அவளுக்குக் கேட்டிருக்கு. போனையே பாத்துக்கிட்டு இருக்கான்னு புடுங்கி வச்சிட்டேன். அந்த ரோசத்துல போடாம செத்தாளாம்.”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

“இந்த மருந்த எடுத்துட்டுப் போங்க. இத வச்சுத்தான கண்டுபிடிக்கணும்?”

“வீட்டுல உடைச்சுப் பயன்படுத்தின மருந்தை நான் சாம்பிளா எடுக்க முடியாதும்மா. கடையில இருக்குறதைத்தான் எடுக்கணும். அதுக்குத்தான் ஃபாரம் இருக்கு” என்றேன்.

அது உண்மைதான். ஆனால் மருந்தை வாங்கியவரே மனுப்போட்டு, கட்டணம் கட்டி, அரசு ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்றும் அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பயிற்சியில் மனப்பாடம் செய்த பிரிவு. அன்றைக்கு எனக்கு அது நினைவுக்கு வரவில்லை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். நினைவுக்கு வந்தது. அந்த அம்மாவுக்கு அதை விளக்கி, மனு எழுதவைத்து, நேரமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். புயலுக்குப் பிறகு திரும்பிப் போக ஒரே பஸ்தான், நாலரை மணிக்கு.

அங்கிருந்து கடைக்குப் போனேன். கடைக்காரரைச் சேது என்று வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து மருந்து கொடுப்பவர். அமலியின் அடக்கத்துக்கு மாலையோடு போனவர்.

“கரண்ட் இல்லாத நாள்ல இன்சுலினை எங்க வச்சிருந்தீங்க?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் பத்திரமா வச்சிருந்தேன் மேடம். ஐஸ் கம்பெனில ஜெனரேட்டர் ஓடுச்சுல்ல, அங்கிட்டுக் குடுத்து மூணு நாளு ஐஸுக்குள்ள பொதைச்சு வச்சிட்டேன். பொறவு பேட்டரி ஏற்பாடு பண்ணி நம்ம ஃப்ரிட்ஜுக்கே கொண்டாந்துட்டேன். ஒரு பாட்டிலு வீணாகலை.” அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. “வாரக்கணக்குல மீனே கெடாம கெடக்கு. மருந்தா கெட்டுப்போகும்?”

அந்தக் கடற்கரையில் பிறந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஐஸ் என்றால் அங்கே காப்பாற்றுகிற பொருள். அட்டைப்பெட்டி மேல் ‘உறைய வைக்கக்கூடாது’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைவிட, கண்ணால் பார்த்த மீனைத்தான் அவர் நம்பினார். மருந்தாளுநர் படிப்புப் படித்தவர் அப்படி நம்பியிருக்கக் கூடாது. ஆனாலும் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு வெள்ளையாகச் சொன்னவர் நாளைக்கும் அதையே சொல்வார் என்று நினைத்து, எழுதி வாங்கவில்லை. பரமசிவம் சார் எதிரில் உட்கார்ந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

அதே பேட்ச்சில் நாலு குப்பி இருந்தது. தாள், பசை, கயிறு, அரக்கு, முத்திரை. பஸ் நேரம் பார்த்துக்கொண்டே செய்ததில், கட்டுவதற்கு முன் குப்பிகளை உருட்டிப் பார்க்கவில்லை. ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு மூன்றோடு வெளியே வந்தபோது மணி நாலேகால். பெட்டிக்குள் குளிர்ச்சிக்கு ஒன்றுமில்லை. புதுக்கோட்டை போக நாலு மணி நேரம். சூட்டில் மருந்து கெட்டால் அதையே சொல்லி வழக்கைத் தள்ளிவிடுவார்கள்.

எதிரே ஐஸ் கம்பெனி.

போய், ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய உடைத்த ஐஸ் வாங்கினேன். பெட்டிக்குள் கொட்டி, மூன்று பொட்டலத்தையும் மெழுகுத்தாள் பையில் போட்டு அதற்கு நடுவே செருகி மூடினேன். உருகுகிற ஐஸ் பூஜ்ய டிகிரி, இன்சுலின் அதில் உறையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் கம்பெனித் தொட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழே இருக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கூரையில்லாத வீடுகளைப் பார்த்தபடி, எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஆய்வக அறிக்கை வந்தது. மருந்து தரமில்லை, உறைந்து கெட்டிருக்கிறது. சூசையம்மா நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். நான் பரமசிவம் சாருக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“ஜெல் பை உறையலைன்னீங்க. ஐஸ் எங்க வாங்குனீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேதுவும் நானும் ஒரே ஐஸ் கம்பெனியில் ஒரே தப்பைச் செய்திருந்தோம்.

“கடைக்காரர்ட்ட குடுத்த பங்கு ஒண்ணு இருக்குமே” என்றார். விசாரித்தேன். ஃப்ரிட்ஜ் துடைக்கும்போது விழுந்து உடைந்துவிட்டதாகக் கடையிலிருந்து பதில் வந்தது. அமலியின் குப்பி அதற்குள் பல மாதம் வெளியிலேயே கிடந்து எதற்கும் உதவாமல் போயிருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

அந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் காகிதத்திலேயே முடிந்துவிடும். இதில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். ஏறுவதற்கு முன் வராந்தாவில் சூசையம்மாவின் வக்கீல், சின்ன வயசு, என் பக்கத்தில் வந்து நின்றார். “பாட்டிலுக்கும் ஐஸுக்கும் நடுவுல துணி கிணி சுத்தியிருந்தீங்கல்ல மேடம்?” என்றார்.

“இல்ல தம்பி.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க மேடம். சாக்கு, துண்டு, எதாச்சும்.”

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஒரு துண்டு என்று சொன்னால் போதும். என் தோளில் அன்று துண்டு இல்லை என்று சொல்ல யாரும் இல்லை. சூசையம்மா எதிர்ச் சுவரோரம் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூண்டில் எதிர் வக்கீல் மிக மரியாதையாகக் கேட்டார். கடைக்காரர் ஐஸில் வைத்ததாகச் சொன்னார் என்கிறீர்களே, எழுதி வாங்கினீர்களா? இல்லை. இறந்தவர் பயன்படுத்திய மருந்தைப் பார்த்தேன் என்கிறீர்கள், பரிசோதனைக்கு அனுப்பினீர்களா? இல்லை. நீங்கள் எடுத்த குப்பிகளை, உடைத்த ஐஸுக்குள் நேரடியாக வைத்து நாலு மணி நேரம் கொண்டுவந்தீர்களா?

“ஆமாம்.”

“துணி ஏதாவது?”

“இல்லை.”

பொய் சொல்லக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் உண்மை சொன்னேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு இறங்கும்போது சேது தலையைக் குனிந்துகொண்டார். ஐஸில் எதையும் வைக்கவே இல்லை என்று அவர் ஏற்கெனவே சத்தியம் செய்திருந்தார். லைசென்ஸ், ஜெயில், மூன்று பிள்ளைகள். அவருக்கும் பயம். இன்றைக்கும் சில நாள் தூக்கம் வராமல், துண்டு இருந்தது என்று சொல்லியிருக்கலாமோ என்று நினைப்பேன். நினைத்துவிட்டு, எழுந்து தண்ணீர் குடிப்பேன்.

வழக்கு தள்ளுபடி ஆயிற்று. மருந்து உறைந்தது கடையிலா ஆய்வாளர் கையிலா என்பது சந்தேகத்துக்குரியது என்று தீர்ப்பில் எழுதினார்கள். அதை என்னால் தாங்க முடிந்தது. அடுத்த வரியை முடியவில்லை. இறந்தவர் ஊசி போடத் தவறியிருக்கக்கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை என்று இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் கேள்விக்குறியோடு இருந்த பழி, இப்போது கேள்விக்குறி இல்லாமல் தட்டச்சில் நின்றது.

வராந்தாவில் சூசையம்மா என் கையைப் பிடித்தார். வக்கீலுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“மேடம், டிக்க மட்டும் அடிச்சுப்புட்டு ஊசியப் போடாம விட்டிருப்பாளா? போனைப் புடுங்குன கோவத்துல? நெசத்தச் சொல்லுங்க.”

ஊர் சொன்னதை எதிர்த்து ஒரு வருடம் அலைந்தவருக்கு, உள்ளுக்குள் அதே சந்தேகம் இருந்திருக்கிறது. எனக்குப் பதில் தெரியும். குப்பியில் மருந்து குறைந்திருந்த அளவு தெரியும். மணலில் வைத்த மருந்து உறையாது, வாங்கும்போதே அது உறைந்திருந்தது என்று தெரியும். உலகத்தில் அந்தக் குப்பியைக் கையில் உருட்டிப் பார்த்து என்ன ஆயிற்று என்று புரிந்துகொண்ட ஒரே ஆள் நான். வழக்கைப் பற்றி வெளியே கருத்துச் சொல்லக் கூடாது என்று விதி. அதையும் தாண்டி, தோற்கடித்தவள் என்ற வெட்கம்.

“அப்பீல் பண்ணலாம்மா” என்று சொல்லிவிட்டு, கையை விடுவித்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

அவர் அப்பீல் செய்யவில்லை. நான் அதற்குப் பிறகு நாலு ஆண்டுகள் வேலை பார்த்தேன், ஒழுங்காகவே பார்த்தேன். ஓய்வு பெற்ற அன்று பித்தளை முத்திரையை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். பரமசிவம் சார் போன வருடம் இறந்துபோனார். அவர் கடைசியாக இதைப் பற்றிச் சொன்னது, “நீங்க தப்பு செய்யல கமலவேணி, முழுசாச் செய்யல” என்பது. அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

மலருக்காகப் போன் வந்த மறுவாரம் நான் ஒரு தாளை எடுத்து, அறிக்கை எழுதுவதுபோல உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்து, கடைசி வரியிலிருந்து மேலே வாசித்துப் பார்த்தேன். பிறகு திருமயத்தில் பஸ் ஏறினேன்.

அந்தக் கடையில் இப்போது சேதுவின் மகன் உட்கார்ந்திருக்கிறான். பெரிய இன்வெர்ட்டர் வைத்திருக்கிறான். ஐஸ் கம்பெனியில் லாரி நின்றது. சூசையம்மா வீட்டு வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

“வாங்க மேடம். ஒக்காருங்க” என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி. உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். குடித்தேன். இஞ்சி தூக்கலாக இருந்தது. குடித்து முடித்துத் தாளைக் கொடுத்தேன்.

வாங்கி, முதலில் அடியில் பார்த்தார். “சீல் இல்லியே” என்றார்.

“நான் ரிட்டயர் ஆயிட்டேன்மா. சீல் எங்கிட்ட இல்ல. கையெழுத்து மட்டுந்தான்.”

“இதுக்குக் கோர்ட்டுல மதிப்பு உண்டா?”

“இல்லம்மா.”

அவருக்கு வாசிக்கத் தெரியும். அந்த மனுவையே அவர்தான் எழுதினார். ஆனாலும் தாளை என்னிடமே நீட்டினார்.

“நீங்களே வாசிங்க. நல்லா சத்தமா.”

எதிர் வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேலியோரம் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கூண்டில்கூடக் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். கேட்காமல் எதையும் நாலு பேர் முன்னால் உரக்கச் சொன்னதில்லை. எழுந்து நின்று வாசித்தேன்.

“சூசையம்மா மகள் அமலி பயன்படுத்திய இன்சுலின் குப்பியை நான் என் கையில் வாங்கிப் பார்த்தேன். அது உறைந்து கெட்டுப்போன மருந்து. அவள் வாங்குவதற்கு முன்பே அது கெட்டிருந்தது. ஐந்து நாளும் அவள் ஒரு வேளைகூடத் தவறாமல் ஊசி போட்டிருக்கிறாள். குப்பியில் மருந்து குறைந்திருந்த அளவும் அவள் நோட்டில் எழுதிய அளவும் ஒன்றாகவே இருந்தன. அவள் யார் மேலும் கோபத்தில் ஊசியை விடவில்லை. இதை நான் அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் தவறு. கமலவேணி, மருந்து ஆய்வாளர், ஓய்வு.”

எதிர் வீட்டில் ஒருத்தி எழுந்து நின்றிருந்தாள். வலைக்காரர் கையை நிறுத்தியிருந்தார். சூசையம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு என் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார்.

“இன்னொருக்க வாசிங்க மேடம். அங்கிட்டுப் பாத்து வாசிங்க. மேலவீட்டுக்காரிக்குக் கேட்டிருக்காது.”

நான் மேற்கே, அந்த வீட்டைப் பார்த்து நின்று, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.